‘நான் ஒரு பாரம்’ என்னும் எண்ணம்

2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குப் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. கார் இல்லாத ஒண்டுக்குடித்தன வீடுகளில் குடத்துக்குக் குடம் கணக்குப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் கை கழுவுவதற்கே இரண்டு குடம் தண்ணீரைத் தீர்த்தால் ஏச்சும் பேச்சும் விழத்தானே செய்யும்? அவர் திமிரால் கழுவவில்லை, கழுவாமல் இருக்க முடியவில்லை என்பது மற்றவர்களுக்குப் புரிவதில்லை. எடுத்துச் சொல்ல அவருக்கும் வாய் வருவதில்லை.

இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர். டாக்டர் சீட்டில் ஓ.சி.டி. என்று இருக்கும். வேண்டாத எண்ணம் ஒன்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது. கையில் அசுத்தம், கதவு பூட்டவில்லை, காஸ் மூடவில்லை, பெற்ற பிள்ளைக்குத் தன்னாலேயே தீங்கு வருமோ, சாமி படத்தின் முன் இப்படி ஒரு நினைப்பு வரலாமோ என்று பல உருவில் வரும். பதற்றம் தாங்காமல் கழுவுகிறார், பூட்டை இழுத்துப் பார்க்கிறார். சற்றே தணிகிறது. பிறகு முன்னிலும் பலமாகத் திரும்புகிறது. இது அர்த்தமற்றது என்று பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியும். தெரிந்தும் விட முடியாததுதான் வேதனை.

கவுண்டரில் இருப்பவர் கேஷை மூன்று முறை எண்ணினால் அது ஜாக்கிரதை. குறைந்தால் கைக்காசைக் கட்ட வேண்டுமே! சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் முப்பது முறை எண்ணிக் கடைசி பஸ்ஸையும் விட்டால், அது நோய். நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார்கள் என்பது மருத்துவ உலகின் கணக்கு. ஆகவே நம் ஆபீஸிலும் ஆலையிலும் ஓரிருவர் இருக்கவே செய்வர்.

பிழைக்க வந்த ஊரில் மனிதனின் மதிப்பு அவன் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் இருப்பதாக நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அப்படிப்பட்டவருக்கு இந்த நோய் வந்தால் முதலில் அவர் போடுவது கணக்குத்தான். இத்தனை நாள் சம்பளமில்லா லீவு, மனைவி இறைத்த இத்தனை வாளி, பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதால் பிள்ளைக்குப் பள்ளியில் இத்தனை நாள் தாமதம். கூட்டிப் பார்த்து, ‘நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்’ என்று முடிவு கட்டுகிறார். அந்த நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

இந்த நோயின் தந்திரம் ஒன்றை நோயாளியும் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது நல்லது. ‘நான் பாரம்’ என்ற எண்ணமே சுழற்சியில் சேர்ந்துகொள்கிறது. “என் மேல் கோபமா? நான் உனக்குத் தொல்லையா?” என்று கணவர் கேட்கிறார். “இல்லைங்க” என்கிறாள் மனைவி. பத்து நிமிஷம் கழித்து அதே கேள்வி. ராத்திரிக்குள் இருபது தடவை. கை கழுவுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அங்கே தண்ணீர் செலவாகிறது, இங்கே மனைவியின் வாய்ச்சொல். எத்தனை முறை ‘இல்லை’ என்றாலும் மனம் ஏற்காததற்குக் காரணம் அவளுடைய அன்பில் குறை இருப்பதல்ல.

குடும்பமும் அன்பினாலேயே நோய்க்குத் தீனி போடுகிறது. பத்தாவது தடவையாக ‘பூட்டியாச்சு’ என்கிறோம். வெளியிலிருந்து வந்ததும் அவர் சொன்னபடி உடை மாற்றுகிறோம். வீட்டாரின் முதுகை ஒடிப்பது இந்த ஏவல்கள்தான்; இவை நோய் இடும் ஏவல்கள். ஏவல் குறைந்தால் சுமை குறையும், ஆள் அங்கேயேதான் இருப்பார். அதற்காக ஒரு நாள் திடீரென்று குழாயைப் பூட்டிவைப்பது கொடுமை. டாக்டரோடு பேசி, நோயாளியின் சம்மதத்தோடு, சிறுகச் சிறுக நிறுத்த வேண்டும். “இது உங்க வியாதி கேக்கிற கேள்விங்க. பதில் சொல்லப் போறதில்லை, ஆனா பக்கத்திலேயே உக்காந்திருக்கேன்” என்று ஒரு மனைவி சொல்ல முடிந்தால் அது பெரிய வைத்தியம்.

லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-ல் இரண்டு நோயாளிகளிடம் கையாண்ட முறை இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. பயந்த பொருளைத் தொட வைப்பது, தொட்ட பின் கழுவாமல் பதற்றம் தானாகத் தணியும்வரை பொறுக்கப் பழக்குவது. கேட்க எளிது, செய்கிறவருக்கு மூட்டை தூக்குவதற்குக் குறைந்த உழைப்பல்ல. மாத்திரைகளும் உண்டு. அவை பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று. ‘பாவம்’ என்று சொல்லி அவரிடமிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது சரியல்ல. ரேஷன் வாங்குவது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது, கரண்ட் பில் கட்டுவது அவரிடமே இருக்கட்டும். சும்மா உட்கார வைத்தால் தான் பாரம் என்பது அவருக்கு நிச்சயமாகிவிடும். ஊருக்கு அனுப்பிவிட்டால் சரியாகும் என்ற யோசனையும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். வேறு நோய்கள் கொண்டவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். ஆனால் அங்கே கொண்டுபோய் விட்ட உறவினர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர், வேறு வழி தெரியாதவர்கள்.

நமக்கு வழி ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். நம்மில் பலர் தினமும் அதன் வாசலைக் கடந்தே வேலைக்குப் போகிறோம். ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் குமாஸ்தாக்களுக்கு அதிகம். 2016-ன் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் சேர்ந்துள்ளது. பணியில் இருக்கும்போது அவ்வகைக் குறைபாட்டுக்கு ஆளான அரசு ஊழியரை அதற்காக நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பது அதன் விதி. மருத்துவ இன்ஷூரன்ஸில் மனநோயையும் உடல்நோய்போல் நடத்த வேண்டும் என்பது 2017-ன் மனநலச் சட்டம்.

ஆஸ்பத்திரி வாசல் ஏறத் தயங்குவோர் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பொங்கல் விழாவும் கண் சிகிச்சை முகாமும் நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள் தங்கள் வாசல் போர்டில் இந்த எண்ணை எழுதிவைக்க ஒரு டப்பா பெயிண்ட்தான் செலவு. வருகிற பொங்கலுக்குள் எழுதிவிடலாம்.