ஆசிரியர்களைத் தயார்ப்படுத்திய பின் வகுப்பைத் தொடங்குவோம்

புதிய தவணையில் நம் தோட்டங்களில் குடும்ப எழுத்தறிவு வகுப்பு தொடங்கவிருக்கிறோம். தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கிற வகுப்பு இது. இடம் பார்த்தாகிவிட்டது. கொப்பி, பென்சிலுக்கும் வழி செய்தாகிவிட்டது. படிப்பிக்கப் போகிறவர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது என்பதுதான் பாக்கி. அதை முடிக்காமல் வகுப்பைத் தொடங்கக்கூடாது என்பது நம் கருத்து.

முன்வந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் நம் லயத்துப் பிள்ளைகள். உயர்தரம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு மனம் இருக்கிறது. ஆனால் சிறு பிள்ளைக்கு 'அ' எழுதிக் காட்டுவது ஒரு விதம். இருபது வருடம் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அதே விதத்தில் காட்டினால் அடுத்த நாள் அவர் வரமாட்டார். பலர் முன்னால் வாசிக்கச் சொல்லி, பிழை விட்டதும் யாராவது சிரித்துவிட்டால் அத்தோடு சரி. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் படிப்பு கிடைக்காமல் போனது அவர்கள் குற்றமல்ல. இதை ஆசிரியர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கான பாடம் அவர்கள் கையில் இருக்கும் கடதாசியிலிருந்து தொடங்கட்டும். முதலில் சம்பளச் சிட்டை. எத்தனை நாள் பெயர் விழுந்திருக்கிறது, எதெதற்குக் கழித்திருக்கிறார்கள் என்று எழுத்துக்கூட்டிப் பார்க்கப் பழக்கலாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து குறைந்தது 8 வீதமும் நிர்வாகத்திடமிருந்து குறைந்தது 12 வீதமும் போக வேண்டும். இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பது நல்ல பாடம்.

அடுத்தது அடையாள அட்டை. அதில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர் என்றிருப்பதால், ஓய்வுபெற்ற பிறகு பணம் எடுக்க அலைகிறவர்களை நாம் அறிவோம். தன் பெயரை வாசிக்கத் தெரிந்தவர் அந்தப் பிழையை வேலையில் இருக்கும்போதே பிடித்துவிடுவார். கடன் கொடுக்க லயத்துக்கு வருகிறவர் நீட்டும் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன் வட்டி எவ்வளவு என்றும் கேட்பார்.

பிள்ளைக்கும் இதில் பங்கு உண்டு. அம்மா தான் கேட்ட பழைய கதையைச் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும், பிறகு இருவரும் சேர்ந்து வாசிக்கட்டும். பிள்ளை அம்மாவைத் திருத்தி அதட்டாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் வேலைதான்.

இவற்றைப் பழக, தவணைக்கு முன் குறைந்தது இரண்டு நாள் பயிற்சி வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைப்போம். முதல் நாள் அவர் நடத்திக் காட்டட்டும். இரண்டாம் நாள் நான்கைந்து தொழிலாளர்களை உட்காரவைத்து நம் பிள்ளைகள் படிப்பித்துப் பார்க்கட்டும். தவணை நடக்கும்போது மாதம் ஒருமுறை கூடி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பேசட்டும்.

இன்னொன்று. உழைப்புக்கு ஏற்ற கூலி கேட்டுப் போராடுகிற நாம், நம் பிள்ளைகளிடம் சும்மா வேலை வாங்கக்கூடாது. ஒரு சிறு கொடுப்பனவையாவது சங்கம் ஒதுக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, வகுப்பு நேரத்தை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். மலையிலிருந்து வந்து சமைத்து முடிக்கிற பெண்களிடம் கேட்டு முடிவெடுங்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெயர்களை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் தந்துவிடுங்கள்.