தலை ஒருத்தருக்கு, ஸ்டாண்ட் ஒருத்தருக்கு

இந்தப் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று அம்மா எனக்கு 144 போட்டிருக்கிறாள். இந்த வாரம் மீறுகிறேன். வேறு வழியில்லை சார், சொத்துத் தகராறு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாயவரத்தில் அம்மா வீட்டில் நான், அக்கா, தங்கை மூவரும் அபூர்வமாக ஒரே நாளில் ஆஜர். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்திருந்தோம். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கப்புறம் அந்த ரெண்டு மெஷினும் யாருக்குன்னு இப்பவே பேசி முடிச்சுடுங்க. அப்புறம் அடிச்சுக்காதீங்க" என்றாள்.

அடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? வாடகை வீடு. நகையெல்லாம் அவரவர் கல்யாணத்திலேயே பிரித்தாகிவிட்டது. மிச்சம் இரண்டே இரண்டு தையல் மெஷின். ஒன்று பாட்டி காலத்து சிங்கர், கை மெஷின். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்தது. அந்த ஃபாக்டரியை 1980-ல் இழுத்து மூடிவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு மட்டும் இன்னும் 'சிங்கர்' என்றே பெயர். மற்றது உஷா, கால் மெஷின். 1979-ல் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. விலை 600 ரூபாய் என்று தாத்தா சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

இது தவிர, கட்டிலுக்கடியில் மூன்று மூட்டை துண்டுத் துணி. நாற்பது வருஷமாக வெட்டிய ப்ளவுஸ்களின் மிச்சம். ("கேட்டா திருப்பிக் கொடுத்துடுவேன்டா, யாரும் கேக்கலை" என்பது அம்மாவின் வாதம்.) சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்டு அதில் போர்வை தைப்பாள். ஹாஸ்டலில் நான் போர்த்திக்கொண்டது அதில் ஒன்று. எங்கள் தெருப் பெண்களின் பத்து தீபாவளிகள் அதில் இருந்தன. அறை நண்பன் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அடியேன் பி.காம். சும்மா இருக்க முடியுமா? கை கழுவாமலே கணக்குப் போட்டேன். மெஷினரிக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை, 45 வருஷம். அறுநூறு ரூபாய் உஷாவின் புத்தக மதிப்பு 40 பைசா.

"நாப்பது பைசா பொருளுக்கு எதுக்கும்மா பஞ்சாயத்து?" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உன்னோட மூணு வருஷக் காலேஜ் ஃபீஸ் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

குனிந்து ரசத்தை உறிஞ்சினேன்.

அக்கா பெங்களூர் ஃப்ளாட்காரி. "உஷா எனக்கு. ஸ்டாண்டு மேல ஒரு கண்ணாடியைப் போட்டா சூப்பரா டீ டேபிள் ஆயிடும். இப்ப அதான் ஃபேஷன்" என்றாள்.

"மெஷினை என்னடி பண்ணுவே?"

"அதைக் கழட்டிடலாம்மா."

பெற்ற பெண்ணே, 'உன் தலையை எடுத்துவிட்டு உடம்பை மட்டும் ஹாலில் உட்கார வைக்கிறேன்' என்று சொன்னால் எப்படியிருக்கும்? அம்மா முகம் அப்படியிருந்தது.

"டீ டேபிள் வேணும்னா கடையில வாங்கிக்கோ. எனக்குக் குழந்தைங்க ட்ரெஸ் தைக்க மெஷின் வேணும்" என்றாள் தங்கை. அவளுக்கு அறுந்த பட்டனை வைக்கக்கூடத் தெரியாது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வாளாம்.

எதுவும் முடிவு செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா இல்லாததால் எங்கள் மூவருக்கும் சம பங்கு. தலை தங்கைக்கு, ஸ்டாண்ட் அக்காவுக்கு, பெல்ட் எனக்கு. உயில் எழுதுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. வெள்ளைத்தாள் போதும். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து அவசியம், ரிஜிஸ்டர் பண்ணுவது நம் இஷ்டம். உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதானால் அதுகூட வேண்டாம். அசையும் சொத்துதானே, தூக்கிக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. உஷாவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம்.

தையல் மெஷினுக்கும் வாரிசுச் சண்டைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ஐசக் சிங்கர் 1875-ல் இங்கிலாந்தில் இறந்தபோது, பல பெண்களிடம் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் இருபதுக்கும் மேல். உயில் இரண்டு. 'நான்தான் முறையான மனைவி' என்று ஓர் அம்மாள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். 1924-ல் காந்திஜி இயந்திரங்களைக் கண்டித்துப் பேசியபோது சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்தது என்று காரணம் சொன்னார். எந்த மனைவி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

மாயவரத்துக்கு வருவோம். சண்டை முற்றவே, அம்மா பரீட்சை வைத்தாள். "பாபின்ல நூல் சுத்தி, ஊசி கோத்து, இந்தத் தலகாணி உறையில நேரா ஒரே ஒரு தையல். யார் போடறீங்களோ, உஷா அவங்களுக்கு."

அக்கா ஊசியை உடைத்தாள். தங்கை தைத்துவிட்டாள், உறையோடு தன் துப்பட்டாவையும் சேர்த்து. என் முறை. கால் மெஷின் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: சக்கரத்தைக் கையால் முன்பக்கம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ரிவர்ஸ் எடுக்கும். எடுத்தது. நூல் சிக்கி, ஷட்டில் இறுகி, 1979-லிருந்து ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஹூக் கட்டும் பெண் உள்ளே வந்தாள். ஆறு வருஷமாக அம்மாவிடம் ஹூக், ஹெம்மிங், புடவை ஃபால்ஸ் எல்லாம் அவள்தான். எங்களை விலகச் சொல்லிவிட்டு, பாபின் கேஸைக் கழற்றிச் சிக்கெடுத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். உறையை ரூல் போட்ட மாதிரி தைத்து நீட்டினாள்.

"மெஷின் இவளுக்கு" என்றாள் அம்மா.

நியாயமான தீர்ப்புதான். அக்காகூட வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பெண், "வேணாம்மா. லோன் போட்டு பவர் மெஷின் வாங்கிட்டேன். எங்க வீட்ல இதை வைக்க இடமும் இல்ல" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அந்த அளவு நோட்டு குடுத்தீங்கன்னா போதும்மா."

அம்மா பதில் சொல்லவில்லை.

அந்த நோட்டை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். நீள நோட்டு. தீர்ந்தால் இன்னொன்றை அதோடு சேர்த்துத் தைத்துவிடுவாள், மெஷினிலேயே. பெயர்கள் கிடையாது. 'மாடி வீட்டு டீச்சர்', 'பேங்க் அம்மா', 'பூக்காரம்மா மருமக'. உயரம், தோள், கை, கழுத்து. 34-ஐ அடித்து 36, அதை அடித்து 38. ஓரத்தில் குறிப்புகள்: 'இடது தோள் அரை இஞ்சு இறக்கம்.' 'பிரசவத்துக்கு வந்திருக்கா, பிரிச்சு விடற மாதிரி தை.' 'இனிமே கை முழங்கை வரை.' கடைசிக் குறிப்பு எழுதப்பட்டது அந்தம்மாவின் கணவர் தவறிய மாதம்.

பி.காம். மண்டையில் அப்போதுதான் மணி அடித்தது. நாங்கள் மூன்று பேரும் அடித்துக்கொண்டது பிளான்ட் அண்ட் மெஷினரிக்கு. அந்தப் பெண் கேட்டது குட்வில்லை! கூட்டாளி விலகும்போது நற்பெயரை மதிப்பிட வேண்டும் என்று காலேஜில் படித்திருக்கிறேன். ஐந்து மார்க் கணக்கு. கூட்டாளி எதிரில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பாள் என்று சொல்லித் தரவில்லை. மெஷின்களை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், செத்த பிறகு. நோட்டைக் கொடுத்தால் அம்மா உயிரோடு ரிடையர்.

"பார்க்கலாம்டி" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அன்று சாயங்காலம் காபியில் சர்க்கரை இல்லை. மூன்று பேரும் பேசாமல் குடித்தோம்.

மூன்று வாரம் கழித்து போன்.

"நோட்டு விஷயம் முடிஞ்சுது. அவளையே காப்பி எடுத்துக்கச் சொல்லிட்டேன். தினம் சாயந்தரம் பக்கத்துல வந்து உக்காந்து எழுதறா. அப்படியே கொடுத்தா என் கையெழுத்து அவளுக்குப் புரியுமா? யாருக்கு ஏன் அரை இஞ்சுன்னு நான் சொன்னாத்தானே தெரியும்?"

"ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்?"

"ரெண்டு."

"மொத்தம்?"

"நானூறு இருக்கும். என்ன அவசரம்?"

வகுத்துப் பார்த்தேன். ஆறரை மாசம். தினம் சாயங்காலம்.

"மெஷின்?"

"சிங்கர் உன் தங்கச்சிக்கு. உஷா அக்காவுக்கே இருக்கட்டும். தலையைக் கழட்ட மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு."

"எனக்கு?"

"துணி மூட்டை மூணும் உனக்குத்தான். பாதி தைச்ச போர்வை ஒண்ணு கிடக்கு, அதை நீதான் முடிக்கணும். அடுத்த தடவை வரும்போது 16-ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா. இருந்த ரெண்டுல ஒண்ணை உங்கக்கா உடைச்சுட்டா."