தோல்வியை மறைக்கும் வெண்டிரை

வென்றாரை அறிதற்கு மட்டுமன்றித் தோற்றாரை அறிதற்கும் விளையாட்டே உரைகல். அமெரிக்க மக்களின் பேஸ்போல் ஆட்டம் இவ்வுண்மையை நன்கு புலப்படுத்துவது. பத்து முறை மட்டையேந்தி மூன்று முறை வெற்றியாக அடிப்பவன் அங்கே சிறந்த வீரன் எனப் போற்றப்படுகின்றான். எஞ்சிய ஏழு முறையும் அவன் தலைகுனிந்து மீள்பவனே. அவ்வாட்டத்திற் பெருவிருப்புடைய யாம், அதனைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் இவ்வுண்மையைப் பேணினவா என்பதை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

பேர்னாட் மலமூட் 1952 இல் எழுதிய 'த நச்சுரல்' என்னும் நாவலின் தலைவன் கைக்கூலிக்கு இணங்குகின்றான். பின்னர் மனந்திருந்தியும், இறுதி அடியிலே தவறித் தோற்கின்றான். 1984 இல் வெளிவந்த படத்திலோ, அவன் அடித்த பந்து ஆடுகள விளக்குகளைச் சிதறடிக்க, அவன் வெற்றிவாகை சூடுகின்றான். காண்போர் ஆரவாரிக்கின்றனர். ஆயின் நூலாசிரியர் கருதிய அறம் எங்கே போயிற்று?

1919 இல் சிக்காகோ அணியினர் எண்மர் சூதாடிகளோடு கூடிச் சின்சினாற்றி அணியிடம் வேண்டுமென்றே தோற்றனர் எனப் பழிக்கப்பட்டனர். 1921 இல் நீதிமன்றம் விடுவித்தும், ஆட்டத் தலைவர் லாண்டிஸ் அவர்களை வாழ்நாள் முழுவதும் விலக்கினார். இதனைக் கூறும் 'எயிற் மென் அவுற்' (1988), உரிமையாளரின் உலோபத்தையும் வீரரின் இழுக்கையும் ஒருங்கே காட்டுகின்றது, எவரையும் தூயவராக்கவில்லை. மறுவருடம் வந்த 'பீல்ட் ஒவ் ட்றீம்ஸ்', அவ்வெண்மருள் ஒருவரான ஜோ ஜாக்ஸனைச் சோளவயலிலே மீண்டும் தோன்றச் செய்கின்றது. அவர் இடக்கைப் பழக்கத்தில் அடிப்பவர். படமோ வலக்கைப் பழக்கத்தில் அடிக்கச் செய்தது. அது சிறு பிழை. அவர் பணம் பெற்றமை பற்றிய வினாவைச் சில சொற்களிலே தீர்த்து விடுவதே பெரும்பிழை. மறைந்த அவர் மீதிருந்த தடை 2025 இலேதான் நீங்கியது. நூறாண்டு கடந்தும் ஆறாத வழக்கினைக் கண்ணீரால் மட்டும் முடித்தல் தகுமோ?

கலைஞனுக்குக் கற்பனையுரிமை உண்டன்றோ எனச் சிலர் வினவுவர். உண்டு; யாமும் அச்சோளவயலைக் கண்டு கண் கலங்கினோம். ஆயினும் தோல்வியை மறையாமலே உள்ளத்தை உருக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள. 'த பிறைட் ஒவ் த யாங்கீஸ்' (1942), இடையறாது 2130 ஆட்டங்கள் ஆடிய லூ கெறிக், தீராத நோயால் ஆட்டம் துறந்து, விடையுரை கூறிக் களம் நீங்குவதோடு முடிகின்றது. 'மனிபோல்' (2011), ஒக்லண்ட் அணி 2002 இல் தொடர்ந்து இருபது வெற்றி பெற்றதையும், பின்னர் முதற் சுற்றிலேயே வீழ்ந்ததையும் ஒளிக்காது உரைக்கின்றது. இவையே எம் உள்ளத்தில் நிலைத்து நிற்கின்றன.

மாணவ மணிகாள்! ஆடுகளத்திலும் பரீட்சையிலும் நீவிர் தவறும் நாட்கள் வரும். அந்நாளில் விளக்குகளைச் சிதறடித்த பொய்வீரனை நினையற்க. ஏழு முறை தவறியும் எட்டாம் முறை மட்டையேந்தி நிற்பவனை நினைமின்.