பழைய பாட்டு திரும்பி வரும் வழி

"தாத்தா, 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துல ஒரு தமிழ்ப் பாட்டு வருது. கேட்டிருக்கீங்களா?" என்று 2024 மார்ச் மாதத்தில் ஒருநாள் என் பேரன் கேட்டான். பாடியும் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1991 தீபாவளிக்கு வந்த 'குணா' படத்தின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டு அது. வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும் பாடியது.

பழைய பாட்டு மீண்டும் முன்னுக்கு வருவது உலகத்தில் புதிதல்ல. பிரிட்டனில் 1952 முதல் வாராவாரம் பாடல்களின் விற்பனைப் பட்டியல் வெளியாகிறது. அந்தக் காலத்தில் ஒரு பழைய பாட்டு அதில் ஏற வேண்டுமானால், கம்பெனி இசைத்தட்டை மறுபடி அச்சிட்டுக் கடைக்கு அனுப்ப வேண்டும். பென் ஈ. கிங் 1961-இல் பாடிய 'ஸ்டாண்ட் பை மீ' அப்படித்தான், ஒரு திரைப்படமும் ஒரு ஜீன்ஸ் விளம்பரமும் கைகொடுக்க, 1987-இல் அங்கே முதலிடம் பிடித்தது. 2014 முதல் இணையத்தில் கேட்பதும் கணக்கில் சேர்ந்தது. இப்போது தட்டும் வேண்டாம், கடையும் வேண்டாம். கேட் புஷ் 1985-இல் பாடி மூன்றாம் இடத்தோடு நின்ற பாட்டு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்ததும் 2022-இல் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் மறுபடி ஒலித்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. ரயில்வேயில் மெயின் லைனிலிருந்து கழற்றிய தண்டவாளத்தைச் சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் சைடிங்கில் போடுவோம். பழைய பாட்டுக்கும் பெரும்பாலும் அந்தக் கதிதான். ஞாயிற்றுக்கிழமை வானொலியோடு சரி. 'குணா' பாட்டு மறுபடி மெயின் லைனுக்கு வந்ததற்குக் காரணம், அதற்கு ஒரு புதிய வேலை கிடைத்ததுதான். 2006-இல் கொடைக்கானல் குணா குகையின் பள்ளத்தில் விழுந்த நண்பனை மஞ்ஞும்மல் இளைஞர்கள் மீட்ட உண்மைச் சம்பவமே அந்த மலையாளப் படம். காதலிக்குச் சொன்ன சொற்கள் அங்கே நண்பனுக்குச் சொன்னவையாக மாறிவிட்டன. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. தமிழ்நாட்டிலும் படம் மலையாளத்திலேயே ஓடியது. அதே 2024-இல் 'லப்பர் பந்து' படத்தால், 1989-இல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டும் இப்படித்தான் இளைஞர் வாய்க்கு வந்தது.

"புதிதாக ஒன்றும் போடத் தெரியாமல் பழையதைக் கடன் வாங்குகிறார்கள்" என்று நம் நண்பர்கள் சிலர் குறைப்படுகிறார்கள். உரிமை யாருக்கு என்ற சண்டையும் வந்தது. 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உழைத்தவருக்கு உரியது சேரத்தான் வேண்டும். அதைச் சட்டம் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். என் கவலை வேறு.

அந்தப் பாட்டே ஒரு கடிதம். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அதை மனப்பாடமாகப் பாடும் என் பேரனுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதத் தெரியாது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசுவான். எழுத்துக் கூட்டத் திணறுவான். குறை அவனுடையது அல்ல. உத்தியோகம், மாற்றல், நைட் டியூட்டி என்று ஓடிய நான் என் மகனுக்கே சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன்.

நாம் கூப்பிட்டு வராத பிள்ளைகளை, ஒரு மலையாளப் படம் தமிழ்ப் பாட்டுக்கு அழைத்து வந்திருக்கிறது. "அந்தக் காலத்திலேயே நாங்கள் கேட்டதுதான்" என்று பெருமை பேசி அனுப்பிவிடாமல், பக்கத்தில் உட்காரவைத்து, எழுதியவர் யார், பாடியவர் யார், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லலாம். பல்லவியைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லலாம். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் என்ன?

என் வீட்டில் தொடங்கிவிட்டேன். நாகர்கோவிலில் இருக்கும் தன் அத்தைப் பாட்டிக்குப் பேரன் கடிதம் சொல்கிறான், நான் எழுதுகிறேன். கடைசி வரியும் கையெழுத்தும் மட்டும் அவனுடையவை. சென்ற மாதம் அது இரண்டு வரியாயிற்று.