மலை அடிவாரத்தில் இருந்துகொண்டு மாத்திரை மட்டும் போதுமா?

கடந்த மாசி மாதம் எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் இறுதிக் கிரியைக்குச் சென்றிருந்தோம். வயது 54. மாரடைப்பு. மண்டப வாசலில் நின்ற எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "பாவம், ஓடி ஓடி உழைச்ச மனுசன்." உண்மைதான். பகலில் உணவகச் சமையலறை, இரவில் அலுவலகத் துப்புரவு, சனி ஞாயிறில் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள். முப்பது வருடம் ஓடினார். அந்த ஓட்டத்தில் தன் இருதயத்துக்கென்று அவர் ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கவில்லை.

"நாள் முழுக்கக் காலில நிக்கிறம், அது காணாதோ?" என்று எங்கள் ஆட்கள் கேட்பது வழக்கம். காணாது. நிற்பதால் கால் வீங்கும், நாரி நோகும், ஆனால் இருதயத் துடிப்பு போதிய அளவு கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டும். மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாகச் செய்தால் அதில் பாதி நேரம் போதும். தெற்காசியர்களான எங்களுக்கு இது இன்னும் அவசியம். மற்றவர்களைவிடக் குறைந்த வயதில், குறைந்த உடல் எடையிலேயே எங்களுக்குச் சீனி வருத்தம் வந்துவிடுகிறது. வெளியில் மெலிந்தவராகத் தெரிவார், வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும்.

நாங்கள் வாழ்வது சுவிஸில். இந்த நாட்டில் ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர் நடைபாதைகள் அடையாளமிடப்பட்டுள்ளன. 1979 இல் மக்கள் வாக்களித்து அவற்றின் பாதுகாப்பை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அனுமதிச் சீட்டும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. நாங்களோ ஜனவரியில் உடற்பயிற்சி நிலையத்துக்கு ஒரு வருடக் காசைக் கட்டிவிட்டு மார்ச்சில் மறந்துவிடுகிறோம். மலையை ஊரிலிருந்து வரும் விருந்தினருக்குக் காட்டுவதோடு சரி. கேபிள் காரில் ஏறி, படம் எடுத்து, மேலே கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு இறங்குகிறோம்.

ட்ரெயில் ரன்னிங் என்று இளம்பிள்ளைகள் சொல்லும் மலைப்பாதை ஓட்டத்தை நாங்கள் ஐந்து குடும்பங்கள் மூன்று வருடத்துக்கு முன் தொடங்கினோம். ஓட்டம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். 1974 முதல் நடக்கும் சியர்-சினால் போட்டியில் 31 கிலோமீற்றர் ஓடி, 2,000 மீற்றருக்கு மேல் ஏறுகிறார்கள். அது அவர்களுக்கு. எங்கள் முறையில் ஏற்றத்தில் நடை, சமதரையில் மெல்லோட்டம், இறக்கத்தில் சின்னச் சின்ன அடி. பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

எங்களுக்குப் பிடித்த பாதை திச்சினோ மாநிலத்தின் வெர்சாஸ்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. லொக்கார்னோவுக்குத் தொடரூந்தில் போய், அங்கிருந்து மஞ்சள் நிறத் தபால் பேருந்தில் கடைசித் தரிப்பிடமான சொனோனியோவில் இறங்கவேண்டும். சுமார் 900 மீற்றர் உயரத்தில் இருக்கும் கிராமம் அது. சுவரும் கல், கூரையும் கல். அங்கிருந்து ஆற்றோடு பிராஸ்கோ, ஜெர்ரா, பிரியோனே ஊர்களைக் கடந்து லாவெர்தெற்சோ வரை ஏறக்குறைய 13 கிலோமீற்றர். பெரும்பாலும் இறக்கம்தான். களைத்தால் நடுவில் எந்த ஊரிலும் பேருந்து ஏறலாம். முதன்முறை வருபவர்களுக்கு இந்தப் பாதையைச் சொல்வதற்கு அது ஒன்றே காரணமாகப் போதும்.

இந்தப் பாதையை யாரும் விளையாட்டுக்காகப் போடவில்லை. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் கடும் வறுமை. குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக மாடுகளோடு கீழே சமவெளிக்கு இறங்குவார்கள். சிறு பையன்களைப் புகைக்கூண்டு துப்புரவாக்க வட இத்தாலிய நகரங்களுக்கு அனுப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பலர் அவுஸ்திரேலியாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் பிழைக்கப் போனார்கள். கீழே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொரிப்போ, 2020 இல் மற்ற ஊர்களோடு இணைக்கப்படும்வரை சுவிஸின் மிகச் சிறிய ஊராட்சி. ஊரை விட்டு வந்த எங்களுக்கு அந்தப் பூட்டிய கல்வீடுகளைத் தாண்டி ஓடும்போது மனம் ஒருமாதிரித்தான் இருக்கும்.

முதல் தடவை நாங்கள் விட்ட பிழைகளையும் சொல்லவேண்டும். எங்களில் ஒருவர் கடையில் மலிவாக வாங்கிய, அடிப்பக்கம் வழுவழுப்பான சப்பாத்தோடு வந்தார். பிராஸ்கோ தாண்டியதும் ஈரக் கல்லில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கியது. அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். இரண்டாவது பிழை பெரியது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் எங்கள் அண்ணர் ஒருவர், வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்புக் கரையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருந்தார். ஜெர்ராவுக்குப் பக்கத்தில் கை நடுங்கத் தொடங்கியது. உடம்பு குளிர்ந்து வேர்த்தது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார். ஒரு பிள்ளையின் பையில் இருந்த தோடம்பழச் சாற்றைப் பருக்கிய பிறகுதான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆள் தெளிந்தார். அந்தப் பதினைந்து நிமிடமும் அவருடைய மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓடும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இன்சுலினின் உதவி அதிகமின்றியே இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கக்கூடும். ஓட்டம் நன்மை செய்வது இதனால்தான், அண்ணருக்கு ஆபத்து வந்ததும் இதனால்தான். இன்சுலின் ஊசி போடுபவர்களும், சீனியை நேரடியாக இறக்கும் சில மாத்திரைகளை எடுப்பவர்களும் முதலில் குடும்ப வைத்தியரோடு பேசவேண்டும். மருந்தின் அளவைத் தாங்களாக மாற்றக்கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் வில்லையோ சாறோ இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம், காயம் உண்டா என்று பார்க்கவேண்டும். நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் நோவோ வந்தால் "வாயு" என்று சொல்லி இஞ்சித் தேநீர் தேடாமல் உடனே 144 ஐ அழையுங்கள். மலையில் உலங்குவானூர்தி மீட்புச் சேவையின் இலக்கம் 1414.

இன்னொன்று ஆறு. லாவெர்தெற்சோவின் இரட்டை வளைவுக் கற்பாலத்தின் கீழே தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோல் இருக்கும். பார்த்தால் குதிக்கத் தோன்றும். கோடையிலும் கடும் குளிர், அடியில் இழுவை. அங்கே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். வேர்த்த உடம்போடு பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

அந்த அண்ணர் இன்றும் எங்களோடு ஓடுகிறார். சாப்பிட்டுவிட்டு வருகிறார். மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கொருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனை முன்னரைவிட நன்றாக இருக்கிறது என்று அவருடைய வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

சங்கத்திடம் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. வருடா வருடம் விளையாட்டு விழா நடத்துகிறோம். பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெற்றோர் கூடாரத்தின் கீழ் கதிரையில் இருந்து ரோல்ஸும் வடையும் சாப்பிட்டுக்கொண்டு கைதட்டுகிறோம். உண்மையில் ஓடவேண்டியவர்கள் கதிரையில் இருப்பவர்கள்தான். குறிப்பாக அம்மாமார். "ஆக்கள் என்ன நினைப்பினம்" என்று தங்கள் தெருவில் ஓட வெட்கப்படும் பெண்கள் எத்தனை பேர்! மலைப்பாதையில் எதிரே வருபவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான். எங்கள் குழுவில் இன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அவர்களில் ஒருவர் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் முதன்முதலாக ஓட்டச் சப்பாத்து வாங்கினார்.

விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, சித்திரை முதல் ஐப்பசி வரை மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்ப மலைநடைக்கு ஒழுங்கு செய்யும்படி நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். சனிக்கிழமை வேண்டாம், தமிழ்ப் பள்ளியும் கொண்டாட்டங்களும் இருக்கின்றன. பதில் வரும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. வைகாசி மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை சொனோனியோவுக்குப் போகிறோம். விரும்பியவர்கள் எங்களில் யாரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள். அடிப்பக்கம் பிடிப்புள்ள சப்பாத்து, ஒரு லீற்றர் தண்ணீர், மழைச்சட்டை போதும். காலைச் சாப்பாட்டை மட்டும் தவிர்க்க வேண்டாம். மதியத்துக்குப் புட்டும் சம்பலும் நாங்கள் கொண்டு வருகிறோம்.