ஒரு பீரியடுக்கு 18 நொடி... நம்ம குழந்தைகளுக்குப் பேசக் கிடைக்கிற நேரம் இவ்வளவுதானா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாமா? கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். ஒரு பீரியட் 40 நிமிடம்னு வெச்சுக்கோங்க. அமெரிக்கக் கல்வியாளர் நெட் ஃப்ளாண்டர்ஸ் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்ன ‘மூன்றில் இரண்டு’ விதி ஒன்று உண்டு. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையதாக இருக்கும். இதை நம்ம 40 நிமிடத்துக்குப் பொருத்தினால், குழந்தைகளுக்கு மிஞ்சுவது சுமார் 9 நிமிடம். 30 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 18 நொடி. ஒரு ரீல்ஸுக்குக்கூட பத்தாது!

அந்த 18 நொடியிலும் ‘எஸ் மிஸ்’, ‘முடிச்சிட்டேன் மிஸ்’, எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்லும் வாய்ப்பாடு எல்லாம் அடக்கம். தன் மனசில் இருப்பதைத் தன் வார்த்தையில் சொல்ல எவ்வளவு மிஞ்சும்னு நீங்களே யோசிங்க.

இப்போ புதுச்சேரிக்கு வருவோம். ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம்னு வில்லியனூர் பக்கம் போகும் ரோட்டில், காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டர் முன்னால் நின்றுகொண்டு போகும் வாண்டுகளைப் பார்த்திருப்பீங்க. வழி நெடுக வாய் ஓயாது. அதே வாண்டு கிளாஸுக்குள் நுழைந்ததும் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்துவிடுகிறது. ‘நல்ல பிள்ளை’ என்றால் பேசாத பிள்ளை என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்?

இன்னொரு விஷயமும் நடக்கும். “எங்க வூட்டாண்ட பெரிய வேப்பமரம் கீது மிஸ்” என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஆசையாக எழுந்து சொல்கிறது என்று வையுங்கள். “வூட்டாண்ட இல்ல, வீட்டின் அருகே. கீது இல்ல, இருக்கிறது” என்று உடனே திருத்தம் வந்தால், அந்த மரத்தில் கிளி இருந்ததா, ஊஞ்சல் கட்டினார்களா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. அடுத்த முறை கை தூக்குவதற்கு முன் அந்தக் குழந்தை இரண்டு தடவை யோசிக்கும். மூன்றாவது முறை தூக்கவே தூக்காது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தள்ளித் தள்ளி நிற்கும் மொழி நம்முடையது. அந்த இடைவெளியைத் தாண்டப் பாலம் போட வேண்டிய இடம் தொடக்கப் பள்ளி. அங்கேயே கதவைச் சாத்தினால் எப்படி?

“தமிழ் பேச எதுக்குங்க ஸ்கூல்? அதான் வீட்லயே பேசுதே” என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் அரட்டை அடிப்பது வேறு, விளக்கிச் சொல்வது வேறு. அந்த இடத்தில் இல்லாத ஒருவருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்வது, காரணம் சொல்வது, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது, சண்டை போடாமல் மறுப்பது, புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்பது... இதெல்லாம் தானாக வந்துவிடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். அடுத்து பள்ளி திறந்த நாளில் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு கதை இருந்திருக்கும்: தண்ணி எதுவரை வந்துச்சு, ராத்திரி எங்கே படுத்தாங்க, நாய்க்குட்டி என்னாச்சு. அன்றைக்கு ஒரு பீரியட் முழுக்க அதைப் பேச விட்டிருந்தால் அதைவிட நல்ல தமிழ்ப் பாடம் உண்டா? தனக்கு யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லத் தெரிவது சில நேரம் ஒரு குழந்தையின் பாதுகாப்பும்கூட.

பேச்சுப்போட்டி இருக்கிறதே என்பீர்கள். மேடைப் பேச்சாலேயே ஆட்சியைப் பிடித்த அரசியல் நமக்குப் பக்கத்து மாநிலத்தில் உண்டுதான். ஆனால் பள்ளிப் பேச்சுப்போட்டி பெரும்பாலும் அப்பாவோ மிஸ்ஸோ எழுதிக் கொடுத்ததைக் கை ஆட்டி ஒப்பிப்பது. நடுவில் ஒரு வரி மறந்தால் அழுகை. அதுவும் வகுப்புக்கு இரண்டு பேர். மீதி 28 பேர் கைதட்ட மட்டும்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ வாய்மொழி வளர்ச்சியை அடிப்படைத் திறன்களில் ஒன்றாகவே சொல்கிறது. 2022-ல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் மொழிப் பாடத்தின் நான்கு பகுதிகளில் பேச்சுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களில் ‘வாங்க பேசலாம்’ என்று அழகான தலைப்பே இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், நிபுண் பாரத்தில் மூன்றாம் வகுப்புக்கு எண்ணாகச் சொல்லப்படும் இலக்கு, நிமிடத்துக்கு 60 சொற்கள் வாசிப்பது. அவ்வப்போது செய்தியாகும் ‘அசர்’ ஆய்வும் வாசிப்பையும் கணக்கையும்தான் சோதிக்கிறது. எதை அளக்கிறோமோ அதைத்தானே நடத்துவார்கள்? ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்கு முன்பே சிபிஎஸ்இ வந்துவிட்டது. 2023-24-ல் மேல் வகுப்புகளுக்கும் வந்தது. சிபிஎஸ்இ-யில் 11, 12-ம் வகுப்பு ஆங்கிலத்துக்குக் கேட்டல், பேசுதலுக்கென்று தனியாக 10 மதிப்பெண் உண்டு. அதாவது, ஐந்து வயதில் வாயை மூடச் சொல்லிவிட்டு, 16 வயதில் ‘பேசு, மார்க் போடுறேன்’ என்கிறோம். அதுவும் இங்கிலீஷில்! நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பத்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் ஃபீஸ் வாங்குகின்றன. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை கற்றுக்கொள்ளும். இல்லாத வீட்டுப் பிள்ளை, காலேஜ் இன்டர்வியூவில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க’ என்றதும் விழிக்கும்.

இதே ஊரில் இயங்கும் பிரெஞ்சு லிசே, பிரான்ஸ் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. அந்தத் திட்டத்தில் மழலையர் வகுப்பிலேயே பேச்சுமொழிக்குத்தான் முன்னிடம். பள்ளிப் படிப்பின் கடைசியில், 2021 முதல், 20 நிமிட வாய்மொழித் தேர்வு ஒன்றும் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களை விடுங்க, தமிழிலேயே செய்து காட்டியவர்கள் உண்டு. சிங்கப்பூரில் 2005-ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு முக்கியத்துவம் கொடுக்கச் சொன்னது. கொச்சை என்று ஒதுக்காமல், எல்லோருக்கும் புரியும் பொதுவான பேச்சுத்தமிழைப் பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள். அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ்த் தாளில் கால்வாசி மதிப்பெண் வாய்மொழிக்கு. குழந்தைக்கு ஒரு சின்ன வீடியோவைக் காட்டி, அதைப் பற்றி உரையாடுகிறார்கள். பல வீடுகளில் தமிழே ஒலிக்காத ஊர் அது. நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. மூலக்குளத்துக் குழந்தை வாசலுக்குள் வரும்போதே வாய் நிறையத் தமிழோடுதான் வருகிறது.

உங்க வீட்டில் தம்பி, தங்கையோ அக்கா குழந்தையோ தொடக்கப் பள்ளியில் படித்தால் இன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிக்கலாம். ‘ஸ்கூல் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்று ஓடிவிடும். ‘இன்னிக்கு கிளாஸ்ல யாருக்குக் கோபம் வந்துச்சு, ஏன்?’ என்று கேளுங்க. ‘கீது’ வந்தால் திருத்தாதீங்க, ‘அப்புறம்?’ மட்டும் போதும். போனைக் கவிழ்த்து வைப்பது கட்டாயம்! அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கேட்பதோடு, தமிழ்ப் புத்தகத்தில் பேசச் சொல்லி வரும் பயிற்சிகளை வகுப்பில் செய்தார்களா, உங்க குழந்தை என்ன பேசியது என்றும் கேட்டுப் பாருங்க.