உரிமப் படிவத்தில் இல்லாத கேள்வி

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் மாநகராட்சி அறிவித்தபோது மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. நாய் யாருடையது, எந்த முகவரியில் வளர்கிறது, ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியவைதான். ஆனால் அந்த நாய்க்கு வயதாகி, வீட்டில் உள்ளவர்கள் "இனி எங்களால் முடியாது" என்று சொல்லும் நாளில் அது எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தென்சென்னையில் ஒரு விலங்குகள் காப்பகத்தில் வார இறுதிகளில் உதவி செய்கிறேன். வயதான நாய்கள் அங்கே பெரும்பாலும் ஒரு பொய்யோடுதான் வந்து சேர்கின்றன. "ரோட்டில் கிடந்தது, பாவமாக இருந்தது, எடுத்து வந்தோம்" என்பார்கள். கொண்டுவந்தவர் ஆட்டோவில் ஏறியதும் அந்த நாய் அவர் பின்னால் ஓடப் பார்க்கும். கழுத்தில் பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கும். சிலர் அந்தப் பொய்கூடச் சொல்வதில்லை. விடிவதற்குள் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பொய் என்ன செய்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். முதலில் நாயின் பெயர் போகிறது. புருனோ, டாமி, ஜிம்மி, ராஜா, ரோஸி என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எதற்குக் காது நிமிர்கிறது என்று பார்ப்போம். காது கேட்காத கிழ நாயென்றால் அந்த வழியும் இல்லை. அடுத்து, அதன் உடம்பின் கதை போகிறது. சிறுநீரகம் கெட்ட நாய் என்ன மாத்திரையில் இருந்தது, வலிப்பு வருமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எதுவும் தெரியாது. மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிழ நாய்க்கு அவ்வளவு அவகாசம் இருப்பதில்லை. தயிர்சாதத்திலேயே வளர்ந்த நாய் முன்னால் நாங்கள் கோழிச் சோற்றை வைப்போம். அது தொடாது. நோயால் சாப்பிடவில்லையா, பழக்கமில்லாததால் சாப்பிடவில்லையா என்று குழம்பியே நாட்கள் போகும்.

முதுமை நாய்க்கு எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். லேப்ரடார் போன்ற பெரிய நாய்க்குப் பத்து வயது என்பது நல்ல முதுமை. இடுப்பு மூட்டு தேய்ந்து எழுந்திருக்கவே நேரமாகும். கண்ணில் புரை விழும். இரவில் காரணமில்லாமல் குரைக்கும், சுவரைப் பார்த்தபடி நிற்கும். மனிதர்களின் மறதி நோயைப் போன்ற ஒன்று நாய்க்கும் உண்டு. இவ்வளவு இருந்தும் சொந்த வீட்டில் அது சமாளித்துவிடும். நிலைப்படி எங்கே, தண்ணீர்க் கிண்ணம் எங்கே என்று கண் தெரியாவிட்டாலும் மனப்பாடமாகத் தெரியும். புது இடத்தில், நூறு நாய்கள் குரைக்கும் கூடத்தில், அந்தக் குருட்டு நாய்க்கு அந்த மனப்பாடம் எதற்கும் உதவாது. காப்பகம் தொற்றுநோய் பரவ வாய்ப்புள்ள இடம் என்பதும் உண்மை. கிழ உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைவு. தத்தெடுக்க வருகிறவர்கள் குட்டிகளைத்தான் பார்க்கிறார்கள். காப்பகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பத்து வயது நாய்க்கு அது வீட்டுக்கு மாற்று ஆகாது.

ஆனாலும் ஒப்படைப்பவர்கள் எல்லோரும் பாவிகள் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக இருந்த முதியவர் படுக்கையில் விழுகிறார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வந்து முதியோர் இல்லத்தில் சேர்க்கிறான். அங்கே நாய்க்கு இடமில்லை. வேலை போனவர் கையில் மருந்துச் செலவுக்குப் பணமில்லை. இவர்களில் சிலர் தடுப்பூசிப் புத்தகம், மருந்துச் சீட்டு, நாய் படுத்த பழைய போர்வை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பகலில் வந்து, அழுதுகொண்டே எல்லாம் சொல்லி, பிறகு போன் செய்து விசாரிக்கவும் செய்கிறார்கள். அவர்கள் அந்த நாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை, புது சோபா வாங்கியிருக்கிறோம், குழந்தை இப்போது குட்டி நாய் கேட்கிறது என்பவர்களை அவர்களோடு சேர்க்க முடியாது.

இன்னொரு வகையினரும் உண்டு. நாய் சாகும் நிலையில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். கருணைக்கொலை முடிவை எடுக்க மனம் வராமல், அந்த முடிவை எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் மீளாத வலியில் இருக்கும் நாய்க்கு, அந்தக் கடைசி ஊசியின்போது தலையைப் பிடித்துக்கொள்ள அதற்குப் பழக்கமான கை ஒன்று வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் அப்படி உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நாயை வளர்த்த கடன் அங்கேதான் தீர்கிறது. அதைக் காப்பக ஊழியரால் தீர்க்க முடியாது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. பசியாலோ தாகத்தாலோ துன்பப்பட நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவதை அதன் 11-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தத் தொகை இன்னும் மாறவில்லை. உரிமம் எடுக்காதவருக்கு 5,000 ரூபாய். நாயை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறவருக்கு அதிகபட்சம் 50 ரூபாய். நாடாளுமன்றம் திருத்த வேண்டியதை உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன்.

தோள்பட்டைகளுக்கு நடுவே அரிசிமணி அளவில் வைக்கப்படும் அந்தச் சிப்பில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் அபராதம் போடுவதற்கு மட்டும் பயன்பட்டால், அதற்குப் பயந்தே இன்னும் சிலர் கிழ நாய்களை இருட்டில் இறக்கிவிடுவார்கள். அதே எண்ணை வைத்து, ஒப்படைப்பை நேர்மையாகச் செய்யும் வழி ஒன்றைத் திறந்துவிடுங்கள். உரிமம் வைத்திருப்பவர் "என்னால் இனி முடியவில்லை" என்று பதிவு செய்தால் அவருக்கு அபராதமும் அவமானமும் இருக்கக் கூடாது. மாநகராட்சிச் செல்லப்பிராணி சிகிச்சை மையத்தின் மருத்துவர் முதலில் நாயைப் பார்க்கட்டும். மூட்டுவலிக்கு மருந்து தந்தாலே வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் பலர். அவர்கள் ஒப்படைக்க வருவதே வேறு வழி தெரியாததால்தான். மருந்தும் போதாதபோது, பெயரும் நோய்க்குறிப்பும் உணவுப் பழக்கமும் எழுதிய தாளோடு காப்பகத்துக்கு அனுப்பலாம். உரிமத்தைப் புதுப்பிக்காதவரிடம் நாய் எங்கே என்று ஒரு முறை விசாரிக்கலாம். சிப் படிக்கும் கருவி ஊரில் உள்ள ஒவ்வொரு காப்பகத்திலும், நாய் பிடிக்கும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும்.

நகரத்தில் இதைவிட அவசரமான வேலைகள் இருக்கின்றன என்று உங்கள் அதிகாரிகள் சொல்லலாம். தெருநாய்க் கட்டுப்பாட்டு வேலையில் ஓட்டை விழுவதே இங்கேதான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்கிறோம். மறுபக்கம் வீடுகளிலிருந்து புது நாய்கள் தெருவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் கிழ நாய்கள் அதிக நாள் தாங்குவதில்லை. தெருவின் எல்லைகள் அவற்றுக்குத் தெரியாது. அந்தத் தெருவின் நாய்கள் விடுவதில்லை.

உரிமப் படிவத்தில் சேர்க்க வேண்டிய கேள்வி இதுதான்: "உங்களால் முடியாமல் போனால் இந்த நாயை யார் பார்த்துக்கொள்வார்?" குட்டியோடு வந்து நிற்பவர் அதற்கு ஒரு பெயரும் போன் எண்ணும் எழுதட்டும். என்ன எழுதுவதென்று தெரியாமல் தயங்குகிறவர் இன்னும் ஒரு வாரம் யோசித்து வரட்டும். ஒப்படைப்புப் படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் சில தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கிறோம். அழைத்தால் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
தென்சென்னைக் காப்பகமொன்றின் தன்னார்வலர்